கோட்டைமலை உச்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

மலையேறும் நண்பர்கள் கவனத்துக்கு. ராஜபாளையத்துக்கு மேற்கே இருக்கும் கோட்டைமலைக்கு 'பெர்மிட்டோடு' கூட்டிப் போவதாகச் சொல்லி ஒருவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு 4,500 ரூபாய், பாதி முன்பணம், உச்சியில் ஓர் இரவு கூடாரம். அந்தப் பணத்தைக் கட்டி மோசம் போனவர்களில் நானும் ஒருவன்.

2,019 மீட்டர் உயரம், பெரியாறு தேசியப் பூங்காவிலேயே உயர்ந்த சிகரம். ஆனாலும் வெள்ளியங்கிரி, பர்வதமலை மாதிரி பேர் வெளியே தெரியாது, வழியை எழுதி வைத்தவர்களும் அதிகம் இல்லை. அதனால் "எனக்கு வழி தெரியும்" என்று ஒருவர் சொன்னால் அதைச் சரிபார்க்க ஆள் கிடையாது, அந்த இடத்தில்தான் இவர் பிழைக்கிறார்.

கிளம்புகிற அன்று அவர் வரவே இல்லை. "அவசர வேலை, தம்பி பார்த்துக்கொள்வான்" என்று போனில் சொல்லி ஒரு பையனை அனுப்பினார். விடியும் முன்னே ஒரு மாந்தோப்பு வழியாகக் கூட்டிப் போனான், ஏன் இந்த வழி என்று கேட்டதற்கு அண்ணன் ஏற்கெனவே பேசிவிட்டார் என்றான். ஓடையைத் தாண்டி உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தபோது காலடியில் ஆவி பறக்கிற யானைச் சாணம். பையன் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றான், அவனும் அந்த மலைக்கு வருவது அதுதான் முதல் தடவையாம்! அங்கேயே திரும்பிவிட்டோம். தோப்பில் வனத்துறை ஊழியர்கள் பிடித்தார்கள். நாங்கள் நீட்டிய அனுமதிக் கடிதத்தைப் பார்த்ததுமே போலி என்று சொல்லிவிட்டார்கள். ந.க.எண் (அரசு அலுவலகக் கடிதங்களில் இருக்கும் கோப்பு எண்) இல்லை, தேதி இல்லை, கையெழுத்துக்குக் கீழே அதிகாரி பெயர் இல்லை, முத்திரை மட்டும் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போல மங்கலாக இருந்தது.

அப்புறம் அந்தப் பையன் போனிலிருந்த ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது நடக்க வேண்டிய வழியை ஜிபிஎஸ் புள்ளிகளாகச் சேமித்து வைக்கும் கோப்பை, வாங்கி வந்து நிதானமாகத் திறந்து பார்த்தேன். நடந்து பதிவு செய்த தடம் என்றால் புள்ளிகள் நெருக்கமாக, வளைந்து நெளிந்து போகும், உட்கார்ந்து இளைப்பாறிய இடத்தில் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும், பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரமும் இருக்கும். இதில் நேரமே இல்லை. எங்கோ ஒரு புள்ளி, அதிலிருந்து வெகுதூரத்தில் அடுத்த புள்ளி, நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, அதுவும் வரைபடத்தில் உயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், அதாவது செங்குத்தான, பாறைச் சரிவில் நேராக மேலே ஏறுகிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டில் உட்கார்ந்து வரைந்த பாதை அது. இருட்டில் அதை நம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கோட்டைமலைக்கு ஒரு பக்கம் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், மறுபக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கால் வைத்தாலே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழக்கு வந்தால் நம் மேல்தான் வரும், பணம் வாங்கினவர் போனை எடுக்க மாட்டார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் செத்த பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. இவ்வளவுக்கும் பிறகு காசுக்காக ஆட்களைத் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் அனுப்புகிறவரை எப்படிச் சும்மா விடுவது?

யாராவது ஒரு மலைக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன் என்றால் கடிதத்தின் ந.க.எண்ணைக் கேட்டு, அந்த வனக்கோட்ட அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டு விசாரியுங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் நேரடியாகவே பதிவு செய்யலாம், இடைத்தரகர் தேவையில்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போன வங்கிக் கணக்கு வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. இதே ஆளிடம் கட்டியவர்கள் பரிவர்த்தனை எண்ணோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எல்லாவற்றையும் சேர்த்தே காவல் நிலையத்தில் கொடுக்கிறேன்.