மொட்டை மாடிக்கு அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சு: யாருக்குச் சரி, யாருக்கு வேண்டாம்

கான்கிரீட் தளத்துக்கு இந்த வெள்ளைப் பூச்சு உண்மையிலேயே நல்ல பொருள்; காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும், அதனால் வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது மயிரிழை விரிசல்களோடு தானும் நெளிந்துகொடுக்கிறது, கீழே அறையில் சூடும் குறைகிறது. ஆனால் பாசியைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் உரிந்து வந்துவிடும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலைகளிலும் மழைநீர்க் குழாய் வாயிலும்தான் கசிவு அதிகம், அங்கே ஃபைபர் வலை பதித்து அடித்தேன், இந்த மழைக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அப்புறம், இரண்டாவது பூச்சை முதல் பூச்சுக்குக் குறுக்காக அடியுங்கள். தண்ணீர் தேங்கும் மாடியா? இதை வாங்காதீர்கள், ஊறி ஊறி இளகிவிடும்; முதலில் தண்ணீர் வடியும் வாட்டத்தைச் (சரிவை) சரிசெய்யுங்கள்.