கசாண்ட்ராவின் தரவு மாதிரி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் குறிப்பு

குளிர்பதனக் கிடங்குகளில் உள்ள வெப்பநிலை உணரிகள் அனுப்பும் அளவீடுகளைச் சேமிக்க, எங்கள் குழு சில ஆண்டுகளாக அப்பாச்சி கசாண்ட்ரா என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்திவருகிறது. அதன் வேகத்தைப் பலரும் பாராட்டுகிறார்கள். ஆனால் அந்த வேகம் நமக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது, அட்டவணையின் பிரைமரி கீயை (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் திறவுகோல்) எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

ஃபேஸ்புக்கின் இன்பாக்ஸ் தேடலுக்காக அவினாஷ் லக்ஷ்மனும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கிய இந்தத் தரவுத்தளம் 2008இல் திறமூலமாக வெளிவந்தது. தரவைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை அமேசானின் டைனமோவிலிருந்தும், அதை அடுக்கிச் சேமிக்கும் முறையை கூகுளின் பிக்டேபிளிலிருந்தும் அது பெற்றுக்கொண்டது. பிரைமரி கீயின் இரண்டு பகுதிகளும் இந்த இரண்டு வேலைகளைத்தான் செய்கின்றன.

முதல் பகுதி பார்ட்டிஷன் கீ. அதன் மதிப்பை மர்மர்3 என்னும் ஹாஷ் முறை 64 பிட் எண்ணாக மாற்றுகிறது. ஒவ்வொரு சர்வரும் குறிப்பிட்ட எண் வரம்புகளுக்குப் பொறுப்பேற்றிருப்பதால், ஒரு பதிவு எங்கே இருக்கும் என்பதை எந்தச் சர்வரைக் கேட்டாலும் தேடாமலே சொல்லிவிடும். இரண்டாம் பகுதியான கிளஸ்டரிங் கீ, ஒரே பார்ட்டிஷனுக்குள், அதாவது ஒரே பார்ட்டிஷன் கீ கொண்ட தொகுப்புக்குள், பதிவுகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கடிதம் எந்த அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பின்கோடு சொல்ல, அங்கே தபால்காரர் அதைத் தெரு வாரியாக அடுக்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது.

எங்கள் முதன்மை அட்டவணையில் உணரி எண்ணும் தேதியும் சேர்ந்து பார்ட்டிஷன் கீயாகவும், அளவீட்டு நேரம் இறங்குவரிசையில் கிளஸ்டரிங் கீயாகவும் இருக்கின்றன. ஓர் உணரியின் இன்றைய கடைசி 20 அளவீடுகளைக் கேட்டால், ஒரே பார்ட்டிஷனின் தலைப்பகுதியை மட்டும் படித்தால் போதும். தேதியைச் சேர்த்ததற்கு வலுவான காரணம் உண்டு. உணரி எண்ணை மட்டும் வைத்தால் அந்தப் பார்ட்டிஷன் முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும்; அது ஏறத்தாழ 100 எம்.பி.க்குள் இருப்பதே நல்லது என்பது பொதுவான பரிந்துரை. பத்து வினாடிக்கு ஓர் அளவீடு என்றால் நாளொன்றுக்கு 8,640 பதிவுகள்தான். அந்த அளவு நிம்மதியாக அடங்கும்.

ஒரு கிடங்கில் நேற்று வெப்ப வரம்பை மீறிய உணரிகள் எவை என்ற கேள்விக்கு இந்த அட்டவணை உதவாது. இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் ஜாயின் வசதி கிடையாது. கீயில் இல்லாத நிபந்தனையாலும் வடிகட்ட அனுமதிக்கும் அலவ் ஃபில்டரிங் என்ற சொற்களைச் சேர்த்துக் கேட்டால் எல்லாச் சர்வர்களும் துழாவப்படலாம். ஆகவே கிடங்கும் தேதியும் பார்ட்டிஷன் கீயாக உள்ள இன்னோர் அட்டவணையில் அதே தகவலை மீண்டும் எழுதுகிறோம். ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று படித்து வந்தவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் இங்கே எழுதுவது மலிவு: எழுதுவதையெல்லாம் வரிசையாகக் குறித்துவைக்கும் கமிட் லாக்கின் கடைசியில் ஒரு வரி, நினைவகத்தில் ஒரு பதிவு, அவ்வளவுதான். 2024இல் வந்த 5.0 பதிப்பின் புதிய இண்டெக்ஸ் (கீ அல்லாத புலங்களைக் கொண்டும் தேட உதவும் சுட்டுப்பட்டியல்) வசதி இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தாலும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்குத் தனி அட்டவணையையே நான் இன்றும் விரும்புகிறேன்.

நான் மிகவும் மதிக்கும் இயல்பு ஒன்று உண்டு. இன்சர்ட் கட்டளை, அந்தக் கீயில் ஏற்கெனவே பதிவு உள்ளதா என்று பார்ப்பதில்லை. அதே கீயில் மீண்டும் எழுதினால், பிந்தைய நேரமுத்திரை கொண்ட மதிப்பே நிலைக்கும். இணைப்பு அறுந்து மீண்ட உணரி, அனுப்பிய அளவீடுகளையே திரும்ப அனுப்பினாலும் இரட்டைப் பதிவு உருவாவதில்லை.

அழிப்பதில் கவனம் தேவை. அழிக்கப்பட்ட தரவு உடனே மறைவதில்லை; அதன்மேல் டூம்ஸ்டோன் என்னும் அடையாளம் எழுதப்பட்டு, இயல்பமைப்பில் குறைந்தது பத்து நாட்கள் தங்குகிறது. அதுவரை எதிரில் வரும் டூம்ஸ்டோன்களையெல்லாம் கடந்துதான் படிக்க முடியும் என்பதால், எழுதி எழுதி அழிக்கும் வரிசைப் பட்டியல் போன்ற வேலைக்கு இது சற்றும் பொருந்தாது. அளவீடுகளுக்கு ஆயுட்காலத்தை முன்பே குறித்து, ஒரே காலப்பகுதியின் தரவை ஒன்றாகத் திரட்டிவைக்கும் காலச்சாளரக் கம்பாக்ஷனைப் பயன்படுத்தினால், காலாவதியான கோப்புகள் முழுதாகவே நீங்கிவிடுகின்றன.

மூன்று பிரதிகளும், குவோரம் அளவிலான (பெரும்பான்மைப் பிரதிகள், அதாவது இரண்டு, பதிலளித்தால் போதும் என்ற) எழுத்தும் வாசிப்பும் வைத்திருப்பதால், பராமரிப்புக்காக ஒரு சர்வரை நிறுத்தினாலும் சேவை தொடர்கிறது. கேள்விகள் முன்கூட்டியே தெரிந்து, எழுத்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் இடங்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மாதத்துக்கொரு புது வடிவம் கேட்கப்படும் அறிக்கைகளுக்கோ நாங்கள் போஸ்ட்கிரெஸ் என்னும் உறவுசார் தரவுத்தளத்தையே வைத்திருக்கிறோம்.