30 வோல்ட் 5 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை: பவர் நல்லது, மீட்டரைச் சரிபார்த்து வாங்குங்கள்

ஓசூர் சிப்காட் பக்கத்து சர்வீஸ் பெஞ்சுகளிலும், தர்மபுரி, கிருஷ்ணகிரி மொபைல் கடைகளிலும் அதிகம் கண்ணில் படுவது 0-30 வோல்ட், 5 ஆம்பியர் லீனியர் சப்ளைதான், அதாவது வேண்டிய டிசி வோல்டேஜை நாபில் வைத்துக்கொள்ளும் பவர் சப்ளை. டிரான்ஸ்பார்மர் வைத்த கனமான பெட்டி, பின்னால் ஹீட் சிங்க், முன்னால் மூன்று இலக்க டிஸ்ப்ளே இரண்டு. ஸ்டிக்கரில் பெயர் மாறினாலும் உள்ளே போர்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விலைக்கு இதன் பவர் பகுதி நன்றாகவே உழைக்கிறது. ஷார்ட் ஆனாலும் நாபில் வைத்த கரண்ட் லிமிட்டைத் தாண்டாமல் நின்றுகொள்ளும், ரிப்பிளும் (டிசியில் கலந்துவரும் அலைவு) குறைவு. குறை இருப்பது டிஸ்ப்ளே காட்டும் எண்ணில்.

ரீடிங் தப்பாக இருக்கிறது என்றதும் மூடியைக் கழற்றி டிரிம்மரை (ரீடிங்கைச் சரிசெய்யும் சின்னத் திருகு ரெசிஸ்டர்) திருகுவதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் எந்த மாதிரித் தப்பு என்று பார்க்க வேண்டும். நல்ல மல்டிமீட்டர் ஒன்றை எடுங்கள். அதில் பேட்டரி புதிதாக இருக்கட்டும், பேட்டரி இறங்கிய மலிவு மீட்டர் வோல்டேஜைக் கூட்டிக் காட்டும். சப்ளையை 20 நிமிடம் ஓடவிட்டு, லோடு இல்லாமல் (எதையும் இணைக்காமல்) 5, 12, 24 வோல்ட் வைத்து அவுட்புட் டெர்மினலிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் ஜீரோ நகர்ந்திருக்கிறது. வோல்டேஜ் ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் டிஸ்ப்ளே மீட்டரின் ரெஃபரன்ஸ் (அது ஒப்பிட்டு அளக்கும் நிலையான வோல்டேஜ்) அல்லது டிவைடர் (வோல்டேஜைப் பிரித்துக் குறைக்கும் ரெசிஸ்டர்கள்) காரணம். லோடு போட்டால் மட்டும் வித்தியாசம் என்றால் மீட்டரைத் தொடவே வேண்டாம், வயரையும் டெர்மினலையும் பாருங்கள்.

இந்த மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 17 மில்லி ஓம். போக ஒன்று, வர ஒன்று: 34 மில்லி ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 0.17 வோல்ட் வயரிலேயே போய்விடும். பெட்டியோடு தரும் மெல்லிய கிளிப் வயரில் இது பல மடங்கு. 12 வோல்ட் வைத்தால் நீங்கள் சரிபார்க்கும் போர்டுக்கு 11 சொச்சம்தான் போய்ச் சேரும். டிஸ்ப்ளே 12.0 என்று காட்டுவது பொய்யில்லை, அது பெட்டிக்குள் அளந்த எண். அந்த வயரை ஒதுக்கிவிட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் குட்டையாக ஒரு ஜோடி செய்துகொள்வது நல்லது.

இன்னொன்று: லோடில் டிஸ்ப்ளேயும் மல்டிமீட்டரும் ஒன்றாகவே இறங்கினால் வோல்டேஜ் உண்மையிலேயே இறங்குகிறது. நாப் ஏற்றும்போது உள்ளே 'டக்' என்று டிரான்ஸ்பார்மரின் டேப் (வோல்டேஜ் படி) மாற்றும் ரிலே வேலை செய்கிறதா என்று கேளுங்கள். காண்டாக்ட் கருகிய ரிலே லோடு இல்லாதபோது சரியாகக் காட்டி, லோடில் படுத்துவிடும். லைன் வோல்டேஜ் 190-க்கு இறங்கும் ஊர்களில் 30 வோல்ட் 5 ஆம்பியர் முழுதாகக் கிடைக்காமல் போனால் அதற்கும் மீட்டர் பொறுப்பல்ல.

கரண்ட் ரீடிங்குக்கு வருவோம். பல பெட்டிகளில் 0.01 ஓம் ஷன்ட், அதாவது கரண்ட்டை அளக்க அது ஓடும் வழியில் வைத்த சிறு ரெசிஸ்டர். தடித்த கான்ஸ்டன்டன் கம்பியை போர்டில் நேராகச் சால்டர் செய்திருப்பார்கள். 5 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட். சூடாகி ஆறி, ஆறிச் சூடாகி அந்தச் சால்டரில் வட்டமாக மயிரிழை விரிசல் விழும். அங்கே 1 மில்லி ஓம் கூடினால் போதும், ரீடிங் 10 சதவீதம் கூடிவிடும். அதே ஷன்ட்டை நம்பித்தான் கரண்ட் லிமிட்டும் இருக்கிறது என்பதால், டிஸ்ப்ளே 5.00 காட்டும்போது உண்மையில் 4.55தான் ஓடும். கண்டுபிடிக்கும் வழி இதுதான்: லிமிட்டும் ரீடிங்கும் சேர்ந்து நகர்ந்திருந்தால் ஷன்ட்; லிமிட் சரியாக நின்று ரீடிங் மட்டும் தப்பினால் மீட்டர். விரிசலை டிரிம்மரால் மறைக்கக் கூடாது. அடுத்த சூட்டில் மறுபடி நகரும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, கம்பியைச் சுரண்டி, பெரிய டிப் வைத்துப் புதிதாகச் சால்டர் செய்யுங்கள்.

சரிபார்க்க கரண்ட் நாபை முழுதும் குறைத்து, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் சாக்கெட்டை நேராக அவுட்புட்டில் போட்டு 1, 3 ஆம்பியர் என ஏற்றலாம். மீட்டரில் அச்சிட்டிருக்கும் விநாடிக் கணக்கைத் தாண்டவேண்டாம்.

மூடி திறப்பதானால் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரை 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக ஒரு நிமிடத்துக்கு மேல் இறக்கி, அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள். மீட்டர் போர்டில் ஐசிஎல் 7107 (அளந்து எல்இடியில் எண் காட்டும் ஐசி) இருந்தால் வேலை சுலபம். 35, 36-ஆம் பின்களுக்கு இடையே ரெஃபரன்ஸ் 100 மில்லிவோல்ட் அருகில் இருக்க வேண்டும். 26-ஆம் பின்னில் நெகட்டிவ் சப்ளை, பொதுவாக மைனஸ் 5 வோல்ட்; அதை உண்டாக்கும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் காய்ந்துபோனால் எண் ஜீரோவுக்கு வராமல் அலையும். இந்த ஐசி எல்இடியை ஓட்டியே சூடாகும், அதன் உள் ரெஃபரன்ஸ் சூட்டில் நகரும்; முதலில் 20 நிமிடம் ஓடவிடச் சொன்னது இதற்காகத்தான். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டிரிம்மர்: முதலில் ஜீரோ, பிறகு 24 வோல்ட்டில் கெய்ன் (காட்டும் எண்ணின் விகிதம்), முடிந்ததும் திருகு நகராமலிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

கிரானைட் பட்டறைகள் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபேன் இழுக்கும் தூள் நாபின் கார்பன் தடத்தைத் தேய்க்கும். நாபைத் தொட்டாலே ரீடிங் குதித்தால் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றுங்கள். கிளீனர் ஸ்ப்ரே சில நாள்தான் தாங்கும்.

24 வோல்ட் சென்சார், ரிலே, கன்ட்ரோல் கார்டு பார்ப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மொபைல் சர்வீசுக்கு இதை வாங்காதீர்கள். இதில் கரண்ட் 10 மில்லி ஆம்பியர் படியாகத்தான் தெரியும். பவர் கீ அழுத்தாமலே 5 மில்லி ஆம்பியர் கசியும் போர்டை இது 0.00 என்று காட்டிவிடும். அவர்களுக்கு 1 மில்லி ஆம்பியர் வரை காட்டும் நான்கு இலக்க மாடல் வேண்டும். 48, 60 வோல்ட் ஸ்கூட்டர் கன்ட்ரோலருக்கு 30 வோல்ட் எட்டவே எட்டாது.

கடைக்குப் போகும்போது மல்டிமீட்டரோடு 12 வோல்ட் 35 வாட் பைக் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்துப் போங்கள். இழை குளிர்ந்திருக்கும்போது சப்ளை ஒரு கணம் லிமிட்டில் போய் மீளும், அது இயல்பு. 3 ஆம்பியர் அருகில் நிலைத்ததும் டெர்மினலில் வோல்டேஜையும் வரிசையில் கரண்ட்டையும் அளந்து டிஸ்ப்ளேயோடு ஒப்பிடுங்கள். வோல்டேஜில் 0.2-க்கு மேலோ, கரண்ட்டில் 0.05-க்கு மேலோ வித்தியாசம் வந்தால் வேறு பெட்டி கேளுங்கள். வாங்கிவந்து மூடி திறந்தால் சீல் கிழிந்து வாரண்டி போய்விடும்.