ரஷ்ய மனைவிக்கு எக்ஸ் விசாவா, ஓசிஐ அட்டையா, இந்தியக் குடியுரிமையா?

என் மனைவி வோல்கோகிராதைச் சேர்ந்தவள். சென்னையும் வோல்கோகிராதும் 1960களிலிருந்து சகோதர நகரங்கள். மணமான புதிதில் இதைக் கண்டுபிடித்து, பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். விசா படிவத்தில் அந்தச் சகோதர பாசத்துக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

2016இல் சென்னையில் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டோம். அன்றிலிருந்து மூன்று வழிகளில் இரண்டை நடந்து பார்த்துவிட்டோம். மூன்றாவதன் வாசல்வரை போய்த் திரும்பினோம். அண்மையில் தூரத்து உறவுக்காரத் தம்பி ஒருவன் இதே கேள்வியோடு வந்தான். அவனுக்குக் கட்டிவரப்போகிறவள் கசான் நகரத்துப் பெண். அவனிடம் மூன்று மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற அட்டை) பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். இந்தியரின் வெளிநாட்டு வாழ்க்கைத் துணைக்குக் கொடுப்பது எக்ஸ் விசா. அதில் இங்கே தங்கலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட முடியாது. ஓசிஐ அட்டை இருந்தால் விசா வேண்டாம், பதிவு வேண்டாம், தனியார் வேலைக்குத் தடையில்லை. ஓட்டும் அரசு வேலையும் கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. குடியுரிமை வந்துவிட்டால் எல்லாம் உண்டு, ரஷ்ய பாஸ்போர்ட் மட்டும் போய்விடும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

இன்னொன்று. இவற்றில் முதல் நாளிலேயே கிடைப்பது எக்ஸ் விசா மட்டுமே. ஓசிஐக்கு விண்ணப்பிக்கத் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முன்பாகத் தொடர்ந்து 2 ஆண்டுகள் அது நிலைத்திருக்கவும் வேண்டும். குடியுரிமைக்கு 7 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். அதனால் எக்ஸ் விசாவை யாரும் தாண்டிக் குதித்துவிட முடியாது. அதிலேயே எவ்வளவு காலம் உட்கார்ந்திருப்பது என்பதுதான் கேள்வி.

நாங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்தோம். எக்ஸ் விசாவைக் குறைசொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2018இல் எல்லாம் இணையவழிக்கு மாறிய பிறகு அலைச்சலும் குறைந்துவிட்டது. ஆனால் எங்களுக்கு ஓராண்டு ஓராண்டாகத்தான் நீட்டிப்புக் கிடைத்தது. வீட்டில் மற்ற எல்லாமும் அந்தத் தேதியோடு சேர்ந்து முடிந்தன. ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள விதிப்படி, விசாவில் தங்கியிருக்கும் வெளிநாட்டவரின் ஆதார் அந்த விசா முடியும் நாள்வரைதான் செல்லும். ஓசிஐ அட்டைக்காரருக்கு 10 ஆண்டு. வங்கியும் காஸ் இணைப்பும் சிம் கார்டும் ஆதாரைக் கேட்கிற ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. மனைவியின் விசா முடியும் மாதத்தை எங்கள் வீட்டில் இரண்டாவது ஆடி என்போம். அந்த மாதத்தில் எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டோம்.

2018 டிசம்பரில் மாமியார் வாசற்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருக்கு இவள் ஒரே பெண். விசா முடிய 19 நாள் இருந்தது. நீட்டிப்புக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் அறுவைச் சிகிச்சையின்போது அம்மா பக்கத்தில் ஆளில்லை. புறப்பட்டுப் போனால், அங்கே இருக்கும்போதே விசா காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. போனாள். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்த கையோடு, கோப்பைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாஸ்கோவுக்கு ரயிலேறினாள். மொத்தம் ஏழு வாரம். பையனுக்கு அப்போது 14 மாதம். அவனும் நானும் இட்லியும் வாழைப்பழமுமாக நாளை ஓட்டினோம்.

இதில் தவறு என்னுடையது. அந்த அக்டோபரிலேயே எங்களுக்கு 2 ஆண்டு நிறைந்துவிட்டது. ஓசிஐக்கு அன்றே விண்ணப்பித்திருக்கலாம். தீபாவளி போகட்டும், வருடக் கடைசி போகட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான். விண்ணப்பித்திருந்தாலும் டிசம்பருக்குள் அட்டை கைக்கு வந்திருக்காது என்பது வேறு விஷயம். வெளிநாட்டுத் துணை என்றால் பாதுகாப்பு ஒப்புதல் வந்த பிறகுதான் அட்டை. அதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. 2019 பிப்ரவரியில் 15,000 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். செப்டம்பரில் கிடைத்தது.

மாதங்கள் நீண்டதற்குப் பாதிக் காரணம் பெயர். ரஷ்யத் துணை உள்ளவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். ரஷ்ய பாஸ்போர்ட்டில் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும் முறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. யூலியா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பழைய பாஸ்போர்ட்டில் அது 'ஒய்' எழுத்தில் தொடங்கியிருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் முறைக்கு மாறிய பிறகு அதே பெயர் 'ஐ' எழுத்தில் தொடங்கி, கடைசியில் இன்னும் இரண்டு 'ஐ' போட்டுக்கொண்டு வரும். என் மனைவியின் பெயரும் இந்த ரகம்தான். திருமணச் சான்று பழைய எழுத்தில், புதிய பாஸ்போர்ட் புதிய எழுத்தில். போதாததற்கு, பிறப்புச் சான்றில் தந்தை பெயரையொட்டிய நடுப்பெயர் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கான பாஸ்போர்ட்டின் ரோமன் எழுத்துப் பெயரில் அது வராது. நாங்கள் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் அந்த நடுப்பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிட்டார். காகிதத்தின்படி நான் மூன்று பெண்களைக் கட்டியவனாக இருந்தேன்.

என் பக்கம் மட்டும் ஒழுங்கா என்ன? எனக்குக் குடும்பப்பெயரே கிடையாது, ஒற்றை இனிஷியல். அதைப் பாஸ்போர்ட்டுக்காக விரித்து எழுதியதில் என் அப்பா பெயர் என் மனைவிக்குக் குடும்பப்பெயராக வந்து ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. நல்ல வேளை, அவள் தன் பெயரை மாற்ற மறுத்துவிட்டாள். 'தந்தை பெயரை முன்னால் ஓர் எழுத்தாக வைப்பது உங்கள் வழக்கம், நடுவில் முழுதாக வைப்பது எங்கள் வழக்கம். இதில் எதற்குச் சண்டை?' என்றாள். கடைசியில் எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, ரஷ்ய ஆவணங்களுக்கு அங்கேயே அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்கான அரசுச் சான்று) முத்திரை வாங்கி, புதிதாக மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அப்போஸ்டில் முத்திரையை ரஷ்யாவுக்கு வெளியே போட முடியாது. கல்யாணத்துக்கு முன்பே, பெண் ஊரில் இருக்கும்போதே, பிறப்புச் சான்றுக்கு வாங்கிவிடுங்கள்.

ஓசிஐ வந்த பிறகு வீட்டில் நாட்காட்டியின் ஆட்சி ஓய்ந்தது. அவள் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாமல்லபுரத்தில் வெளிநாட்டவர் வரிசையில் 600 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது அட்டையைக் காட்டி 40 ரூபாய் டிக்கெட் வாங்குகிறாள்; அந்த மகிழ்ச்சிக்கு ஈடே இல்லை. பராமரிப்பு என்று பார்த்தால், புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போது அதன் நகலையும் படத்தையும், திருமணம் இன்னும் நிலைத்திருக்கிறது என்ற உறுதிமொழியையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். அவள் கையில் இருப்பது 10 ஆண்டு பாஸ்போர்ட். புதுப்பிக்க டெல்லிக்கும் போக வேண்டாம். ரஷ்யத் துணைத் தூதரகம் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது.

அட்டையை வாழ்நாள் விசா என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லைகள் மூடியபோது ஓசிஐக்காரர்களின் விசா இல்லாப் பயணமும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வாரம் என் மனைவி சென்னையில் இருந்தது வெறும் அதிர்ஷ்டம். குடிமக்களாக இருந்தால் தாமதமாகவாவது சொந்த நாட்டுக்குள் விட்டுத்தான் ஆக வேண்டும். அட்டைக்கு அந்த உரிமை இல்லை என்பதை நெஞ்சு படபடக்கத் தெரிந்துகொண்டோம். 2024இல் 7 ஆண்டு நிறைந்ததும் குடியுரிமைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு அந்த மார்ச்தான் காரணம்.

படிவத்தை நிரப்பவிடாமல் செய்தது ஒரே ஒரு நிபந்தனை. 7 ஆண்டு என்பதைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதமும் இடைவிடாமல் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும்; அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் மொத்தம் 6 ஆண்டு இருந்திருக்க வேண்டும். சிறப்புச் சூழ்நிலை என்றால் அந்த 12 மாதத்தில் 30 நாள்வரை அரசு விட்டுக்கொடுக்கலாம். என் மனைவி பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரைகளை எண்ணினாள். 6 ஆண்டுக் கணக்குச் சுலபமாகத் தேறியது. 12 மாதத்தில் இடித்தது. விமானம் பறக்கிற எந்த ஆண்டிலும் அவள் ஐந்து வாரத்துக்குக் குறைவாக அம்மாவோடு இருந்ததில்லை. இடுப்பு முறிந்த ஆண்டில் ஏழு வாரம்.

சரி, ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று பேசினோம். 78 வயது அம்மாவை வைத்துக்கொண்டு எந்த ஓராண்டை அப்படித் தேர்ந்தெடுப்பது? அதன் பிறகு என்ன ஆகும் என்றும் பார்த்தோம். குடியுரிமை கிடைத்தால் தன் அம்மாவைப் பார்க்க அவளுக்கே விசா வேண்டும். இந்தியர்களுக்கு ரஷ்யா 2023 ஆகஸ்டிலிருந்து இ-விசா தருகிறது. நாங்கள் கணக்குப் போட்டபோது அதில் தங்க முடிந்தது 16 நாள். 2025இல்தான் 30 ஆக்கினார்கள். முறிந்த இடுப்பெலும்பு ஒன்றுசேரவே 30 நாள் போதாது. பிறந்த வீட்டுக்கு விருந்தாளி விசாவில் போவதை நினைத்து அவள் அழவில்லை, கோபப்பட்டாள். படிவம் அலமாரிக்குப் போனது. மாமியார் இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும் என்பது நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாத ஒப்பந்தம்.

அம்மா அப்பா இங்கேயே வந்துவிட்டவர்களுக்கும், ஊரில் நெருங்கிய சொந்தம் இல்லாதவர்களுக்கும் இந்தக் கணக்குத் தலைகீழாகலாம். அவர்கள் குடியுரிமையை வாங்கிக்கொள்வதே நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. அதற்குப் பெரிய காரணமும் இருக்கிறது: மனைவியின் ஓசிஐ கணவனோடு கட்டப்பட்டது. விவாகரத்து ஆனால் அட்டையை ரத்து செய்யலாம். திருமணம் நீதிமன்றத்தாலோ 'வேறு விதமாகவோ' முடிவுக்கு வந்தால் என்று சட்டம் சொல்கிறது. கணவன் இறந்தால் அந்த 'வேறு விதத்தில்' அதுவும் அடங்குமா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை (இருக்கவும் முடியாது). அதை வக்கீலிடம் கேளுங்கள். 2025 செப்டம்பரில் வெளிநாட்டினருக்கான பழைய நான்கு சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்துவிட்டதால், என்னுடைய எக்ஸ் விசா அனுபவத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

மாமியாருக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தாது. இங்கேயே வைத்துக்கொள்ள ஆசைதான். அவர் சுற்றுலா இ-விசாவில்தான் வருகிறார், மூன்று மாதத்துக்குள் திரும்புகிறார். கார்த்திகையில் வந்து தை முடிந்து போவது வழக்கம். 2022 மார்ச்சிலிருந்து ரஷ்ய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் வெளிநாட்டில் செல்லாததால் செலவுக்கு டாலரைக் கையில்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பெட்டியில் பாதி கிரேச்கா என்கிற தானியம். மார்கழியில் நாங்கள் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது அவர் மொட்டைமாடியில் கையில்லாத கவுனோடு வெயில் காய்கிறார்.

உறவுக்காரத் தம்பி கடைசியாக ஒன்று கேட்டான்: 'பாஸ்போர்ட் மாற்றும்போது அந்தத் திருமண உறுதிமொழி கொடுக்க வேண்டுமே, அண்ணிக்கு அது கஷ்டமாக இருக்காதா?' அடுத்த பாஸ்போர்ட் 2029இல். அடுப்படியிலிருந்து பதில் வந்தது: 'அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் அண்ணன் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.'