பாக்டீரியாவுக்குள் பார்க்க எது சரி: சிம்மா, ஸ்டெட்டா, பால்மா?

ஈ.கோலை பாக்டீரியாவின் அகலம் ஏறக்குறைய 1000 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியோ 200, 250 நானோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது, 1873இல் எர்ன்ஸ்ட் அபே சொன்ன வரம்பு அது. மனித செல்லைப் பார்ப்பவர் இதோடு ஓரளவு சமாளித்துவிடலாம். பாக்டீரியாவில் குறுக்கே மொத்தமே நாலைந்து புள்ளிதான் தேறும், அதை வைத்துக்கொண்டு எந்தப் புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

இந்த வரம்பைத் தாண்டும் நுண்ணோக்கி முறைகளில் (சிம் SIM, ஸ்டெட் STED, பால்ம் PALM) எதை எடுக்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் "எது அதிகக் கூர்மை?" என்றுதான் கேட்கிறார்கள். செல் உயிரோடு இருக்க வேண்டுமா, புரதத்தின் இடம் வேண்டுமா அதன் ஓட்டம் வேண்டுமா, இதை முடிவு செய்துவிட்டால் பாதி விடை வந்துவிடும் என்பது என் கருத்து.

முதலில் சிம். கோடு கோடான ஒளியைச் செல் மேல் பாய்ச்சி, கோடுகளை நகர்த்தியும் திருப்பியும் வழக்கமாக 9 படங்கள் எடுத்து, கணக்குப் போட்டு ஒன்றாக்குவார்கள். கூர்மை இரண்டு மடங்குதான், 100 நானோமீட்டர் சுமார். ஆனால் புரதத்தோடு ஒட்டவைக்கும் பச்சை ஒளிப்புரதமான சாதாரண ஜிஎஃப்பியே போதும், இரண்டு மூன்று நிறங்களை ஒன்றாகப் பார்க்கலாம், செல்லும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். செல் பிரியும் இடத்தில் வளையம் போடும் எஃப்.டி.எஸ்.ஸெட் புரதம் சீரான வளையமாக இல்லாமல் மணி கோத்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது என்று 2012இல் காட்டியது முப்பரிமாண சிம்தான். வெளிச்சம் குறைவாக இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு செல்லில் இல்லாத கோலங்களை வரைந்துவிடும், கவனம்.

ஸ்டெட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெஃபான் ஹெல் 1994இல் முன்வைத்த யோசனை. வடை வடிவ லேசர் ஒன்று ஓரத்து ஒளிர்வை அணைத்துவிட, நடுத்துளையில் இருப்பது மட்டும் ஒளிரும். 50 நானோமீட்டருக்கும் கீழே போகலாம். ஆனால் லேசர் கடுமையானது, செல்லுக்கு நூறு பிரதிகூட இல்லாத புரதம் என்றால் படம் சேர்வதற்குள் சாயம் வெளுத்துவிடும். செல்லை வேதிப்பொருளால் அசையாமல் நிலைப்படுத்தி, நல்ல சாயம் ஏற்றியிருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பால்ம். 2006இல் வந்தது, எரிக் பெட்ஸிக் அதற்காகவும் ஹெல் ஸ்டெட்டுக்காகவும் 2014இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லா மூலக்கூறுகளையும் ஒரே நேரத்தில் ஒளிர விடாமல் ஒன்றிரண்டாக எழுப்பி, ஒவ்வொன்றின் மங்கல் வட்டத்துக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பார்கள். 20, 30 நானோமீட்டர் துல்லியம் கிடைக்கும். பாக்டீரியா மெலிசாக இருப்பது இங்கே வரம், குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் தேவையற்ற வெளிச்சம் குறைவு. அதைவிட முக்கியம், அதே மூலக்கூறை உயிருள்ள செல்லில் அடுத்தடுத்த படங்களில் பின்தொடரலாம்: விறுவிறுவென்று ஓடினால் தனியாகத் திரிகிறது, நின்றுவிட்டால் டிஎன்ஏவைப் பிடித்திருக்கிறது. ஈ.கோலையில் லாக்டோஸ் மரபணுக்களை அடக்கிவைக்கும் லாக் அடக்கிப் புரதம் தன் நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் தனக்குரிய இடமல்லாத டிஎன்ஏ மேல் ஒட்டிச் சறுக்குவதிலேயே கழிக்கிறது என்று 2007இல் எல்ஃப், லி, ஸீ மூவரும் சொன்னது இப்படி ஒற்றை மூலக்கூறுகளைப் பார்த்துத்தான் (அவர்கள் பால்ம் பயன்படுத்தவில்லை, ஆனால் அடிப்படை அதேதான்).

அதன் குறை நேரம். ஒரு முழுப் படத்துக்கு ஆயிரக்கணக்கான தனிப் படங்கள் (ஃபிரேம்கள்) வேண்டும், நிமிடக் கணக்கில் ஆகும். அதற்குள் எஃப்.டி.எஸ்.ஸெட் இழைகள் ஒரு முனையில் வளர்ந்து மறுமுனையில் கழன்று, நொடிக்குச் சுமார் 30 நானோமீட்டர் நகர்ந்துவிடும், படம் தீற்றலாகிவிடும். அந்த நகர்வை 2017இல் இரண்டு குழுக்கள் உயிருள்ள பாக்டீரியாவில் காட்டியபோது முக்கியமாகக் கைகொடுத்தது கண்ணாடியை ஒட்டிய மெல்லிய படலத்தை மட்டும் ஒளியூட்டும் டிர்ஃப், கூர்மையில் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் முறை! அப்புறம், மூலக்கூறுகளை எழுப்பும் 405 நானோமீட்டர் ஊதா ஒளி செல்லை வாட்டும், சிமிட்டும் ஒரே மூலக்கூறு இரண்டு மூன்றாக எண்ணப்படும்.

ஒற்றை மூலக்கூறை வடை வடிவ ஒளியால் துரத்திப் பிடிக்கும் மின்ஃப்ளக்ஸ் (MINFLUX) வசதி இருப்பவர்களுக்கு அதுதான் ஓட்டத்தைப் பார்க்க உச்சம், ஈ.கோலையில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறு பகுதியைப் பின்தொடர்ந்தே காட்டியிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு மூலக்கூறுதான் என்பதை மறக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்கினால் சிம்மில் ஆரம்பியுங்கள், எண்ணிக்கையோ ஓட்டமோ கேள்வியானால் பால்முக்குப் போங்கள். ஆனால் எந்த முறையானாலும் ஒட்டவைத்த ஒளிப்புரதத்தைச் சோதிக்காமல் படத்தை நம்பவே நம்பாதீர்கள். செல்லின் வடிவத்தைக் காக்கும் எம்.ஆர்.இ.பி புரதம் செல்லுக்குள் சுருளாக ஓடுகிறது என்று பல வருடம் பேசினோம்; ஈ.கோலையில் பலரும் பார்த்த அந்தச் சுருள், முனையில் ஒட்டிய மஞ்சள் ஒளிப்புரதத்தால் வந்தது என்று 2012இல் தெரிந்தது. ஜிஎஃப்பி வகையறாவுக்கு முதிர ஆக்சிஜன் வேண்டும், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவில் ஒளிராமலே போகலாம். ஒளிப்புரதம் ஒட்டிய பாக்டீரியா ஒட்டாததைப் போலவே வளர்கிறதா, வேறு ஒளிப்புரதத்தை ஒட்டினாலும் அதே வடிவம் வருகிறதா, இந்த இரண்டையும் லேசரைப் போடும் முன்னால் பார்த்துவிடுங்கள்.