ஃபினாமினலா, எக்ஸ்ட்ராஆர்டினரியா, ரிமார்க்கபிளா?

ஆங்கிலத்தில் எதையாவது தூக்கிப் புகழ வேண்டுமென்றால் பலருக்கு இப்போது முதலில் வாயில் வருவது ஃபினாமினல்தான். அகராதியில் பார்த்தால் இந்த மூன்றுக்குமே ஏறக்குறைய 'அசாதாரணமான, வியக்கத்தக்க' என்றுதான் இருக்கும், அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இலக்கணம் கெடாது, ஆனால் வாக்கியம் எங்கோ இடறும்.

ஃபினாமினலின் வேர் கிரேக்கம். 'தோன்றுவது' என்று பொருள். தத்துவத்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் பேசும் ஃபினாமினல் உலகம் பிரமாதமான உலகம் அல்ல, நம் புலன்களுக்குத் தென்படுகிற உலகம், அவ்வளவுதான். அன்றாடப் பேச்சில் மட்டும் அது அளவோடு ஒட்டிக்கொண்டது. வளர்ச்சி, வேகம், விற்பனை, ஞாபகசக்தி என்று எங்கே அளவு தலைசுற்ற வைக்கிறதோ அங்கே கச்சிதமாக உட்காரும். டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94, அவருக்கு அடுத்த ஜாம்பவான்கள் 60-ஐ ஒட்டியே நிற்கிறார்கள். இதற்கு ஃபினாமினல் என்று சொல்லலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஒரு சுமாரான பவர்பாயிண்ட்டுக்குச் சொன்னால்தான் எரிச்சல்.

எக்ஸ்ட்ராஆர்டினரி வேறு ரகம். லத்தீனில் 'வழக்கமான ஒழுங்குக்கு வெளியே' என்பதிலிருந்து வந்தது, அதனால் அதில் புகழ்ச்சி இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. கம்பெனிகள் கூட்டும் எக்ஸ்ட்ராஆர்டினரி பொதுக்கூட்டத்தில் அற்புதம் எதுவும் நடக்காது. வருடாந்திரக் கூட்டத்துக்காகக் காத்திருக்க முடியாத விஷயத்தைப் பேசக் கூடுகிறார்கள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சி முழு 10 எடுத்தபோது பலகையில் 1.00 என்று வந்தது, 10.00 காட்டும்படி அந்தப் பலகையை அமைக்கவே இல்லை. அங்கே எனக்கு ஃபினாமினலை விட எக்ஸ்ட்ராஆர்டினரிதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அளவு கூடியது மட்டுமல்ல, அளக்கிற ஏற்பாடே திணறியது. (அப்புறம், உச்சரிக்கும்போது எக்ஸ்ட்ராவையும் ஆர்டினரியையும் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள், பெரும்பாலும் 'இக்ஸ்ட்ரார்டினரி' என்று சேர்த்தே சொல்கிறார்கள்.)

ரிமார்க்கபிள் குரல் உயர்த்தாது. 'குறிப்பிட்டுச் சொல்லத்தக்கது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும், அதனாலேயே ஆய்வுக் கட்டுரையிலும் அலுவலக அறிக்கையிலும் நம்பகமாக ஒலிக்கிறது. முன்னால் 'வெரி' போட்டாலும் தாங்கும். ஃபினாமினலுக்கு 'வெரி' போட்டால் இடிக்கும், அது ஏற்கனவே உச்சியில் நிற்கிற சொல். வேண்டுமானால் 'அப்சல்யூட்லி' போடலாம்.

இன்கிரெடிபிள், ஆசம், டெர்ரிஃபிக் மூன்றும் தேய்ந்துபோனவை. கடைசி இரண்டும் ஒரு காலத்தில் பயத்தையும் நடுக்கத்தையும் சொன்னவை, இன்று மதிய உணவுக்கே போடுகிறோம். இன்கிரெடிபிளில் ஒரு வம்பும் உண்டு: சாட்சி சொன்னதை இன்கிரெடிபிள் என்று எழுதினால் அது பாராட்டு ஆகாது, நம்பத்தகாதது என்றே படிப்பார்கள்.

ஒருவருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுவதென்றால் நான் ரிமார்க்கபிளைப் போட்டு அடுத்த வரியிலேயே அவர் செய்ததைச் சொல்லிவிடுவேன், கையில் அசரவைக்கும் எண் இருந்தால் மட்டும் ஃபினாமினல். உங்கள் சொந்த பயோடேட்டாவில் தயவுசெய்து மூன்றுமே வேண்டாம்.