வெராகிரிப்ட்டுடன் ஐந்து காலபோகங்கள்

பரந்தனுக்குப் பக்கத்தில், நானும் மச்சானும் பங்காக நடத்தும் அரிசி ஆலையில் கணக்கு என் பொறுப்பு. எங்களிடம் பத்து நெல் மூடை களவு போனால் பத்து மூடைக் காசுதான் நட்டம். ஆனால் ஓர் எக்செல் கோப்பு வெளியே போனால் ஒரு போகமே போய்விடும். எந்த ஊரில் என்ன விலை சொல்லப்போகிறோம், எந்த விவசாயிக்கு எவ்வளவு முற்பணம், மொட்டைக்கறுப்பன் அரிசிக்குக் கொழும்புக் கடைகள் தரும் விலை, எல்லாம் அதற்குள்தான்.

2021 அறுவடையில் தருமபுரத்தில் நாங்கள் சொல்லவிருந்த விலைக்கு மேல் ஒரு ரூபா வைத்து, முதல்நாளே இன்னொருவர் வாங்கிப் போய்விட்டார். தற்செயல் என்று விட்டேன். அடுத்து கண்டாவளையிலும் முரசுமோட்டையிலும் அதே ஒரு ரூபா.

அந்தக் கோபத்தில் நிறுவியதுதான் வெராகிரிப்ட், கடவுச்சொல் இல்லாதவர் வாசிக்க முடியாதபடி கோப்புகளைக் குறியாக்கும் மென்பொருள். விண்டோஸின் சொந்தக் குறியாக்க வசதியான பிட்லொக்கர் ஹோம் பதிப்பில் முழுமையாகக் கிடைக்காது. வெராகிரிப்ட் இலவசம், மூலநிரலையும் எவரும் பார்க்கலாம். 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளின் வாரிசு. 20 ஜிபி அளவில் ஒரு கொள்கலன் கோப்பை உருவாக்கினேன். கடவுச்சொல் கொடுத்தால் தனி டிரைவாகத் திறக்கும். மூடினால் வெறும் குப்பை எழுத்துகள். கடவுச்சொல் 20 எழுத்துக்குக் குறைந்தால் எச்சரிக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்தேன்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. எங்கள் பையன் விலைப்பட்டியலை அச்செடுக்க நகரத்துக் கொமினிகேசன் ஒன்றுக்குப் போயிருக்கிறான். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தவன் வெளியேற மறந்துவிட்டான். அவனுடைய கைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்தபோது அந்தக் கணினி வாரக்கணக்காக இணைப்பிலேயே கிடந்தது. 2016 முதல் வாட்ஸ்அப்பில் முனைக்கு முனை குறியாக்கம் உண்டு, அதாவது அனுப்பும் முனையும் பெறும் முனையும் தவிர இடையில் எவரும் வாசிக்க முடியாது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அந்தக் கடையும் ஒரு முனையாகிவிட்டது, அவ்வளவுதான். பார்த்தவர் யார் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஆலைக்கென்று ஒரு பிரிண்டர் வாங்கினேன். ஒரு ரூபாத் தொல்லையும் அத்தோடு நின்றது.

ஆகவே வெராகிரிப்ட் என்னைக் காப்பாற்றியது என்று கதை விட மாட்டேன். ஆனாலும் கைவிடவில்லை. விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் என் கையில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

குறைகள் இரண்டு. 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரத்தைத் தொட்டது. கொள்கலன் திறந்திருக்கும்போதே மேசைக் கணினி அணைந்து, உள்ளே கோப்பமைப்பு பழுதாகியது. பழுது நீக்கும் தெரிவு மென்பொருளிலேயே உண்டு. அப்படியும் ஒரு வாரக் கொள்வனவுப் பதிவு போய்விட்டது. மற்றது இதைவிட மோசம். உள்ளே எதை மாற்றினாலும் கொள்கலன் கோப்பின் திகதியை வெராகிரிப்ட் மாற்றாது, இயல்பமைப்பே அப்படி. கோப்பு மாறவில்லை என்று நினைத்த மேகச் சேமிப்பு, எட்டு மாதம் பழைய பிரதியையே வைத்திருந்தது. வெராகிரிப்ட்டின் அமைப்புகளில், திகதியை மாற்றாமல் வைக்கும் அந்தத் தெரிவை எடுத்துவிட்ட பிறகுதான் சரியானது. இதை முதல்நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இடையில் கணக்கு மென்பொருள் விற்க வந்த ஒருவர், "கடவுச்சொல்லை எங்களிடமும் தந்து வையுங்கள், மறந்தால் உதவும்" என்றார். 1993இல் அமெரிக்க அரசு, தொலைபேசிப் பேச்சைக் குறியாக்கும் கிளிப்பர் சிப்பைக் கொண்டுவந்தபோது சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: குறியாக்கம் உங்களுக்கு, சாவியின் பிரதி எங்களுக்கு. எதிர்ப்பில் அது எடுபடவில்லை. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி இன்னும் துணிச்சல். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குக் குறியாக்கக் கருவி விற்ற அந்த நிறுவனத்தை, சிஐஏயும் ஜெர்மன் உளவுத்துறையும் இரகசியமாகச் சேர்ந்து வைத்திருந்தது என்பது 2020இல் விரிவாக அம்பலமானது. வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிறருக்குக் கொடுக்காமல் நாமே வைத்திருப்பதும் இலேசாக இல்லை. ஆறு சொற்களில் மூன்று என்னிடம், மூன்று மச்சானிடம் என்று பிரித்தோம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன மச்சானின் தொலைபேசி வேலை செய்யவில்லை. லொறி ஏற்றி நிற்கிறது, விலைச்சிட்டை கொள்கலனுக்குள். அன்று சாரதியிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது ஆறு சொற்களும் எழுதிய கடித உறை ஒன்று வவுனியாவில் அக்காவிடம் இருக்கிறது. கொள்கலனின் பிரதி என்னிடம்தான், அவரிடம் இல்லை. இடம்பெயர்ந்த காலம் முழுவதும் அம்மா காணி உறுதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். அக்கா அந்த உறுதிகளோடு சேர்த்து உறையையும் பொலித்தீன் பையில் போட்டு, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, "மழைக்கு நனையாது" என்றார்.